தரைக்கடியில் ஓடும் வெந்நீர்... கொரியா போகும் பிள்ளைகளுக்கு ஒரு குளிர்காலக் கணக்கு!

சித்திரை வெயில் உச்சத்தில் இருக்கும்போது அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் செருப்பில்லாமல் முற்றத்தில் கால் வைக்க முடியாது. குமாரலிங்கபுரம் போன்ற வானம் பார்த்த கரிசல் ஊர்களில், பொழுது சாய்ந்ததும் வாசலில் தண்ணீர் தெளித்து, சூடு தணிந்த பிறகுதான் பாயை விரிப்பார்கள். தரை சூடாக இருப்பது இங்கே தொல்லை. ஆனால், அந்தத் தரையைச் சூடாக வைத்திருப்பதற்காகவே மாதாமாதம் பில் கட்டும் நாடு ஒன்று இருக்கிறது. அதுதான் தென் கொரியா.

கொரிய சீரியல் பார்ப்பவர்கள் கவனித்திருப்பீர்கள். வெளியே பனி கொட்டும். வீட்டுக்குள்ளே குடும்பமே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, குட்டி மேசையைச் சுற்றிச் சாப்பிடும். தரையில் மெத்தையை விரித்துத் தூங்கும். நம் வீட்டுப் பழக்கம் மாதிரியே இருக்கிறதே என்று தோன்றும். மைனஸ் 10 டிகிரி குளிரில் அவர்களால் தரையில் உட்கார முடிவதற்குக் காரணம், அந்தத் தரைக்கு அடியில் ஓடும் வெந்நீர்க் குழாய்கள்.

படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் வேலைக்கும் கொரியா போகிற தமிழ்ப் பிள்ளைகளுக்கு முதல் குளிர்காலத்தில் இரண்டு விஷயங்கள் புரியாது. ஒன்று, சுவரில் இருக்கும் அந்தச் சின்னப் பெட்டியில் எந்தப் பொத்தானை அழுத்துவது? இரண்டு, பில் ஏன் இவ்வளவு வந்தது? ஊரில் இருந்து பார்க்க வரும் அப்பா அம்மாவுக்கு மூன்றாவதாக ஒரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். அது பாதங்களைப் பற்றியது.

அடுப்புப் புகையில் சூடான வீடு

இந்தத் தரைச் சூட்டுக்கு கொரியாவில் 'ஒந்தோல்' என்று பெயர். 'சூடான கல்' என்று பொருள். பழைய கொரிய வீடுகளில் சமையலறை கொஞ்சம் பள்ளத்தில் இருக்கும். அடுப்பு எரியும்போது வரும் சூடான புகை, பக்கத்து அறையின் தரைக்கு அடியில் இருக்கும் கல் பாதைகள் வழியாகப் போய், மறுபக்கத்துப் புகைபோக்கியில் வெளியேறும். சமையலும் ஆகும், தரையும் சூடாகும். ஒரே விறகில் இரண்டு வேலை.

அடுப்பை ஒட்டிய இடம்தான் அதிகச் சூடு. அதை வீட்டுப் பெரியவர்களுக்கும் விருந்தாளிக்கும் கொடுப்பார்கள். வேலைக்குப் போனவர் தாமதமாக வந்தால், அவருக்கான சோற்றுக் கிண்ணத்தை அந்த இடத்தில் போர்வைக்குள் பொதிந்து வைப்பார்களாம். சோயா பருப்பைப் புளிக்க வைப்பதும் அங்கேதான். இன்று கொரியாவில் இருக்கும் தமிழ் வீடுகளில் இட்லி மாவுப் பாத்திரத்தை இரவில் தரையில் வைத்தால் போதும், காலையில் பொங்கி நிற்கும்.

இதற்கு ஒரு சோகமான பக்கமும் உண்டு. விறகு போய் நிலக்கரி வில்லைகள் வந்த காலத்தில், தரை விரிசல் வழியாகக் கசிந்த கார்பன் மோனாக்சைடு வாயு தூக்கத்திலேயே ஏராளமானவர்களைக் கொன்றது. தரைக்கு அடியில் புகைக்குப் பதிலாக வெந்நீர் ஓடும் முறை பரவியதும், அடுக்குமாடிகள் பெருகியதும்தான் அந்தச் சாவுகளைக் குறைத்தன.

ஊருக்கே ஒரு வெந்நீர் அடுப்பு

இன்றைய அடுக்குமாடிகளில் தரைக்கு வெந்நீர் வருவதற்கு முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று, வீட்டுக்கு வீடு சொந்தமாக ஒரு கேஸ் பாய்லர். இன்னொன்று, ஊருக்கே பொதுவான வெந்நீர். மின் நிலையத்திலும் குப்பை எரிக்கும் ஆலையிலும் மிஞ்சும் வெப்பத்தில் தண்ணீரைச் சுட வைத்து, தெருக்களுக்கு அடியில் புதைத்த பெரிய குழாய்களில் குடியிருப்புகளுக்கு அனுப்புகிறார்கள். நமக்குக் குடிநீர்க் குழாய் வருகிற மாதிரி அங்கே சூடு வருகிறது.

சியோலின் மோக்டாங் பகுதியில் 1985-ல் இந்த முறை தொடங்கியது. அதே ஆண்டில்தான் கொரிய மாவட்ட வெப்பக் கழகம் என்ற பொதுத்துறை நிறுவனமும் உருவானது. குளிர்காலத்தில் பெரிய குழாயில் ஓடும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டும். அழுத்தத்தில் இருப்பதால் கொதித்து ஆவியாகாது. அந்தத் தண்ணீர் நேராக உங்கள் தரைக்கு வருவதில்லை. குடியிருப்பின் அடித்தளத்தில் இருக்கும் வெப்பமாற்றியில் தன் சூட்டை மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடும். அந்தச் சூட்டை வாங்கிக்கொண்ட வேறு தண்ணீர்தான் வீடுகளின் தரைக்குள் போகிறது.

இதில் ஆபத்தே இல்லையா? இருக்கிறது. 2018 டிசம்பர் 4-ம் தேதி, சியோலை ஒட்டிய கோயாங் நகரில் பேக்சொக் ரயில் நிலையத்துக்கு அருகே, 1991-ல் புதைத்த வெந்நீர்க் குழாய் வெடித்தது. சாலையில் கொதிநீர் வெள்ளமாக ஓடியது. காரில் இருந்த ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமடைந்தனர். ஆயிரக்கணக்கான வீடுகளில் குளிர் ராத்திரியில் சூடு நின்றுபோனது. அதன் பிறகு பழைய குழாய்களைச் சோதிக்கும் வேலை வேகமெடுத்தது.

வீட்டுக்குள் என்ன நடக்கிறது?

சமையலறை சிங்க்கிற்குக் கீழே இருக்கும் கதவைத் திறந்து பாருங்கள். பித்தளையிலோ ஸ்டீலிலோ ஒரு குழாய்க் கொத்து இருக்கும். கொரிய மொழியில் 'புன்பேகி', அதாவது பங்கிடும் கருவி. வெந்நீர் இங்கே வந்து, ஒவ்வோர் அறைக்கும் ஒரு குழாய் எனப் பிரியும். தரைக் கான்கிரீட்டுக்குள் வளைந்து வளைந்து ஓடி, சூட்டை இறக்கிவிட்டு, ஆறிய தண்ணீராக இதே இடத்துக்குத் திரும்பும். ஒவ்வொரு குழாயிலும் ஒரு வால்வு இருக்கும்.

முக்கியமான விஷயம், கான்கிரீட்டின் குணம். மதிய வெயிலில் காய்ந்த மொட்டை மாடி ராத்திரி பத்து மணி வரை சூட்டைக் கக்குவது நமக்குத் தெரியும். அதே கதைதான் இங்கும். கனத்த தரை சூடாகவும் சில மணி நேரம் ஆகும், ஆறவும் சில மணி நேரம் ஆகும். ஏ.சி மாதிரி நினைத்தவுடன் போட்டு, நினைத்தவுடன் அணைக்கிற பொருள் இல்லை இது. புதிதாகப் போகிறவர்கள் செய்யும் தவறுகளில் பாதி இதை மறப்பதால் வருகிறது.

பொத்தான்களில் என்ன எழுதியிருக்கிறது?

சுவர்ப் பெட்டியில் எல்லாம் கொரிய எழுத்தாகத்தான் இருக்கும். இந்தச் சொற்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

• நன்பாங்: தரைச் சூடு.

• ஒன்சு: குளிக்க, பாத்திரம் கழுவ வரும் வெந்நீர்.

• சில்லே: அறைக் காற்றின் வெப்பநிலையை வைத்து இயங்கும் முறை.

• ஒந்தோல்: தரையில் ஓடும் தண்ணீரின் வெப்பநிலையை வைத்து இயங்கும் முறை. சொந்த பாய்லர் உள்ள வீடுகளில் இதை அதிகம் பார்க்கலாம். இங்கே 50, 60 என்ற எண்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது தண்ணீரின் சூடு, அறையின் சூடு அல்ல.

• யேயாக்: நேரம் வைத்து இயக்குவது.

• வேசுல்: 'வெளியே போகிறேன்'. பெரும்பாலும் குழாய் உறைந்துபோகாமல் காப்பாற்றும் அளவுக்கு மட்டும் சூடு கொடுக்கும்.

பில் குறைய என்ன செய்யலாம்?

1. 20 டிகிரி வேண்டுமென்றால் 20-ல் வையுங்கள். '28-ல் வைத்தால் சீக்கிரம் சூடாகும், பிறகு குறைத்துக்கொள்ளலாம்' என்பது தவறான கணக்கு. பெரும்பாலான வீடுகளில் வால்வு முழுதாகத் திறக்கும் அல்லது முழுதாக மூடும். 20-ல் வைத்தாலும் 28-ல் வைத்தாலும் தண்ணீர் அதே வேகத்தில்தான் ஓடும். வித்தியாசம் என்னவென்றால், 28-ல் வைத்துவிட்டுத் தூங்கினால் அது ஓடிக்கொண்டே இருக்கும். அறையின் சூட்டை ஒரு டிகிரி குறைத்தால், வெப்பச் செலவில் ஏறத்தாழ 6 சதவிகிதம் மிச்சம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

2. கடைக்குப் போகும்போதெல்லாம் அணைக்காதீர்கள். நான்கைந்து மணி நேரம் வெளியே போவதற்கு 'வேசுல்' வேண்டாம். இரண்டு மூன்று டிகிரி குறைத்து வைத்தாலே போதும். ஆறிப்போன கான்கிரீட்டை மறுபடி சூடாக்க, திரும்பி வந்த பிறகு மணிக்கணக்கில் நடுங்க வேண்டியிருக்கும். பல நாள் ஊருக்குப் போகிறீர்கள் என்றால்தான் 'வேசுல்'. அப்போதும் முழுதாக அணைத்துவிட்டுப் போகக் கூடாது. குழாய் உறைந்து வெடித்தால் கீழ் வீட்டுக்காரருக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

3. ஓர் அறை அனலாகவும் இன்னோர் அறை குளிராகவும் இருக்கிறதா? புன்பேகிக்கு அருகில் இருக்கும் அறையின் குழாய் நீளம் குறைவு. தண்ணீர் சுலபமான வழியைத்தான் பார்க்கும். வாய்க்கால் தலைமடைக்காரர் மடையைக் கொஞ்சம் அடைத்தால்தான் கடைமடைக்குத் தண்ணீர் போகும் இல்லையா? அதே மாதிரி, சூடான அறையின் வால்வைக் கொஞ்சம் மூடுங்கள். ஒரு நாள் பொறுத்து, மறுபடி சரிபாருங்கள். பத்து நிமிடத்தில் பலன் தெரியவில்லை என்று திருகிக்கொண்டே இருந்தால் எதுவும் பிடிபடாது.

4. புழங்காத அறையின் வால்வை முழுதாக அடைக்காதீர்கள். கொஞ்சம் திறந்தே இருக்கட்டும். முழுதாக ஆறிப்போன அறையின் சுவரில், பக்கத்து அறையில் இருந்து வரும் ஈரக்காற்று படிந்து கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும்.

5. ஒரு குழாய் மட்டும் சூடாகவே இல்லையென்றால், உள்ளே காற்று அடைத்திருக்கலாம், வடிகட்டியில் அழுக்கு சேர்ந்திருக்கலாம். குடியிருப்பு நிர்வாக அலுவலகத்தில் சொல்லுங்கள். நீங்களே ஸ்பானர் எடுக்க வேண்டாம்.

6. தரையை மூடாதீர்கள். கனத்த கார்ப்பெட்டும் பகல் முழுவதும் விரித்தே கிடக்கும் மெத்தையும் சூட்டைக் கீழேயே அடைத்துவிடும். ஊரில் இருந்து கொண்டுபோன பாயோ மெல்லிய ஜமுக்காளமோ பரவாயில்லை.

தண்ணீருக்குப் பில்லா, சூட்டுக்குப் பில்லா?

உங்கள் மீட்டர் எதை அளக்கிறது என்று முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கொரிய அடுக்குமாடிகளில் இரண்டு வகை மீட்டர்கள் உண்டு. ஒன்று, தரைக்குள் எத்தனை டன் வெந்நீர் ஓடியது என்று மட்டும் அளக்கும். மற்றொன்று, உள்ளே போன சூட்டையும் வெளியே வந்த சூட்டையும் பார்த்து, வீட்டில் இறங்கிய வெப்பத்தை அளக்கும்.

என்ன வித்தியாசம்? ஒரு டன் தண்ணீர் 60 டிகிரியில் நுழைந்து 50 டிகிரியில் வெளியேறினால், அது உங்கள் வீட்டில் விட்டுச்சென்றது சுமார் 11.6 யூனிட் வெப்பம். அதே தண்ணீர் நிதானமாக ஓடி 40 டிகிரியில் வெளியேறினால், சுமார் 23 யூனிட். முதல் வகை மீட்டர் இருந்தால் இரண்டுக்கும் ஒரே காசுதான். எனவே தண்ணீரை வேகமாக ஓடவிடுவது, பாதிச் சாப்பாட்டை இலையிலேயே வைத்துவிட்டு முழுச் சாப்பாட்டுக்கும் காசு கொடுப்பது போல. அந்த வீடுகளில் வால்வை நிதானப்படுத்தி, தண்ணீர் நன்றாக ஆறித் திரும்பும்படி செய்வதுதான் லாபம்.

தண்ணீர் ஆறித் திரும்புவது வெப்பம் தயாரிக்கும் நிலையத்துக்கும் நல்லது. மூன்றில் இரண்டு பங்கு வீடுகளுக்கு இப்படிப் பொது வெந்நீர் போகிற டென்மார்க்கில், நன்றாக ஆற வைத்துத் திருப்பி அனுப்பும் வீட்டுக்குக் கட்டணச் சலுகையும், சூடாகவே திருப்பி அனுப்பும் வீட்டுக்குக் கூடுதல் கட்டணமும் வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு. அங்கே குடியேறிய ஈழத்தமிழ்க் குடும்பங்களுக்கு இது பழகிய கணக்கு. ஜெர்மனியில் வேறு முறை. பொது வெப்பத்தின் செலவில் 50 முதல் 70 சதவிகிதம் வரை அவரவர் பயன்பாட்டின்படியும், மீதி வீட்டின் பரப்பளவு போன்ற கணக்கிலும் பிரிக்கப்படும். நீங்கள் ஊருக்கு வந்து மூன்று மாதம் வீட்டைப் பூட்டி வைத்திருந்தாலும் பில் பூஜ்யம் ஆகாது.

மீட்டருக்காக ஒரு நடிகையின் சண்டை

பூஜ்யம் என்றதும் கொரியர்களுக்கு ஒரு பெயர் நினைவுக்கு வரும். நடிகை கிம் பூ-சொன். சியோலின் ஒக்சு-தாங் பகுதியில், தான் குடியிருந்த அடுக்குமாடியில் சில வீடுகளுக்கு மட்டும் குளிர்காலத்திலும் தரைச் சூட்டுக்குப் பில் வருவதே இல்லை என்று அவர் கேள்வி எழுப்பினார். 2014-ல் அது நாடு முழுவதும் பேசப்பட்டது. 2007 முதல் 2013 வரையிலான குளிர்கால மாதங்களை சியோல் மாநகராட்சி ஆய்வு செய்தபோது, 536 வீடுகள் கொண்ட அந்தக் குடியிருப்பில் பூஜ்ய பில் 300 முறை பதிவாகியிருந்தது.

குடியிருப்பாளர்கள் மீட்டரைத் திருத்தினார்கள் என்று நிரூபிக்க முடியவில்லை. ஆனால் பேட்டரி தீர்ந்த மீட்டர்கள், பழுதான மீட்டர்கள், அவற்றைக் கண்டுகொள்ளாத நிர்வாகம் என்று நாடெங்கும் பேச்சு எழுந்தது. ஒரு வீட்டில் பதிவாகாத சூட்டின் செலவு, மற்ற வீடுகளின் தலையில் விழும். பொது வெந்நீரில் உள்ள நியாயப் பிரச்னை இதுதான். 'வெப்பப் போராளி' என்று மக்கள் அவருக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள்.

2023 ஜனவரியில் அதே பேச்சு வேறு ரூபத்தில் வந்தது. உக்ரைன் போருக்குப் பிறகு எரிவாயு விலை ஏறி, கொரியாவில் வீட்டு எரிவாயுக் கட்டணம் ஓராண்டில் ஏறத்தாழ 38 சதவிகிதம் உயர்ந்திருந்தது. பொது வெந்நீரின் விலையும் கூடவே ஏறியது. பில்லைப் பார்த்த மக்கள் அதை 'வெப்பக் கட்டண வெடிகுண்டு' என்றார்கள். ஏழைக் குடும்பங்களுக்கான உதவித்தொகையை அரசு 1,52,000 வானில் இருந்து 3,04,000 வானாக இரட்டிப்பாக்க வேண்டிவந்தது.

அப்பா, அம்மா வருகிறார்களா?

கொரிய மொழியிலும் அப்பாவுக்கு 'அப்பா', அம்மாவுக்கு 'ஓம்மா' என்பது பலருக்குத் தெரியும். ஊரில் இருந்து அவர்கள் வரும்போது கவனிக்க வேண்டியவை சில.

தரையின் மேற்பரப்பு 29 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது, மக்கள் புழங்கும் அறைகளுக்கு ஐரோப்பியத் தரநிர்ணயம் வைத்திருக்கும் எல்லை. பழைய கொரிய வீடுகளில் இதைவிடச் சூடான இடங்களும் இருக்கும். தோல் 44, 45 டிகிரி சூட்டில் மணிக்கணக்கில் அழுந்திக் கிடந்தால், கொப்புளம் போடும் அளவுக்குப் புண்ணாகும். கை வைத்துப் பார்த்தால் இதமாகத்தான் தெரியும். சர்க்கரை நோயால் பாத உணர்ச்சி குறைந்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியவே தெரியாது. எனவே வெறும் தரையில் ஒரே இடத்தில் ராத்திரி முழுக்கப் படுக்க வேண்டாம். தரைச் சூட்டுக்கு மேல் மின்சார விரிப்பு வேறு போடுவது இரட்டை ஆபத்து. காலையில் பாதத்தைப் பார்த்துவிடுவது நல்ல பழக்கம்.

இன்சுலின் மருந்தைத் தரையில் இருக்கும் பையில் வைக்காதீர்கள், கெட்டுவிடும். மேசை அடுப்புக்கான குட்டி கேஸ் டப்பாக்களைத் தரையில் வைக்கவே கூடாது, சூட்டில் வெடிக்கும். தரைச் சூட்டில் அறைக் காற்று காய்ந்து, உதடும் மூக்கும் வெடிப்பது சகஜம். துவைத்த துணியை அறைக்குள் காயப்போட்டால் துணியும் காயும், காற்றிலும் ஈரம் சேரும்.

இதையே திருப்பிப் போட்டால்?

குழாயில் வெந்நீருக்குப் பதிலாகக் குளிர்ந்த நீரை ஓடவிட்டால் வீடு குளிராதா? குளிரும். ஹைதராபாத் அருகே போச்சாரத்தில் இன்ஃபோசிஸ் நிறுவனம் 2011-ல் ஒரே கட்டடத்தை இரண்டு சம பாதிகளாகப் பிரித்துச் சோதித்துப் பார்த்தது. ஒரு பாதிக்கு வழக்கமான ஏ.சி. மறு பாதிக்கு, கூரைக் கான்கிரீட்டுக்குள் குளிர்நீர்க் குழாய். குளிர்நீர் பாதியில் குளிரூட்டும் மின்செலவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. குஜராத்தின் கிஃப்ட் சிட்டியில் ஒரே நிலையத்தில் தண்ணீரைக் குளிரவைத்து, குழாய் வழியாகப் பல கட்டடங்களுக்கு அனுப்புகிறார்கள். பொது வெந்நீரைத் திருப்பிப் போட்ட கதை அது. இந்தியாவில் இப்படி முதலில் அமைந்தது அங்கேதான்.

இதற்கும் ஒரு சிக்கல் உண்டு. கான்கிரீட்டை அதிகம் குளிரவைத்தால், ஐஸ் தண்ணீர் டம்ளர் வியர்ப்பது மாதிரி கூரையும் வியர்த்துச் சொட்டும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில், காற்றின் ஈரத்தைத் தனியாக வாங்கும் ஏற்பாடு இல்லாமல் இது சரிப்படாது. காற்று வறண்ட உள்மாவட்டங்களில் இந்தத் தொல்லை குறைவு.

விருதுநகர் மாவட்டத்தின் இ.குமாரலிங்கபுரம், 2023 மார்ச்சில் பி.எம் மித்ரா ஜவுளிப் பூங்காவுக்குத் தேர்வான ஏழு இடங்களில் ஒன்று. ஆயிரம் ஏக்கருக்கும் மேலான இடம். துணிக்குச் சாயமேற்றும் ஆலைகளுக்கு நீராவியும் வெந்நீரும் வேண்டும். வேலை முடிந்தவர்கள் படுத்துத் தூங்க, சூடு தணிந்த அறை வேண்டும். இரண்டையும் ஆலைக்கு ஆலை, அறைக்கு அறை தனித்தனியாகச் செய்யலாம். மோக்டாங் மாதிரி ஒரே இடத்தில் செய்து குழாயில் பங்கிடவும் செய்யலாம். எதுவானாலும் கான்கிரீட் போடுவதற்கு முன்னால் முடிவெடுக்க வேண்டும். கட்டி முடித்த பிறகு தரையை உடைத்துக் குழாய் பதிப்பது கூடுதல் செலவு.